மூடிய ஸ்டோரில் கிடைத்த செக்ரோல், தப்பு, தகரத் துண்டு: ஈரத்தில் கெடாமல் எப்படி வைப்பது?

பணியலயம்:
வணக்கம். இலங்கை மலையகத்தில் டிக்கோயா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஸ்டோர் (தொழிற்சாலை) மூடிக் கிடக்கிறது. எழுத்து அனுமதியோடு வாலிபர் சங்கம் எடுத்த சாமான்கள் மேட்டு லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகள்) காலியான ஒரு காம்பராவில் (அறை) இருக்கின்றன: செக்ரோல் புத்தகங்கள் 11 (தொழிலாளர் பேர், வேலை நாள், சம்பளம் எழுதிய பதிவேடுகள்; பூஞ்சண வாடை, சில பக்கங்கள் ஒட்டிவிட்டன), தப்பு என்கிற பறை 2 (ஒன்றில் தோல் விளிம்பில் பிரிந்திருக்கிறது), செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி 4, கொழுந்துக் கூடை, கொழுந்து பறிக்கும் மட்டம் பார்க்கிற மட்டக்குச்சி, எண் அடித்த தகரத் துண்டு ஒன்று. கொழுந்தை உருட்டும் ரோலரும் உலர்த்தும் டிரையரும் ஸ்டோரிலேயே நிற்கின்றன. மழைக்காலம் நெருங்குகிறது, கையில் பெரிய காசில்லை. எதை முதலில் பார்ப்பது?

பழையஏடு:
செக்ரோலை. இரும்பு பத்து வருடம் பொறுக்கும், காகிதம் இந்த மழையைப் பொறுக்காது.

வெயிலில் மட்டும் காயவைக்காதீர்கள். தாள் சுருண்டு நொறுங்கும், மை வெளிறும். புத்தகத்தை நிறுத்தி, பக்கங்களை விசிறிபோல லேசாக விரித்து, சற்றுத் தள்ளி ஃபேன் வையுங்கள். காற்று நேராகத் தாளில் அடிக்கக்கூடாது. ஒட்டிய பக்கங்களை இழுக்கவே வேண்டாம், காய்ந்த பின் பல தானாக விடும். நன்றாகக் காய்ந்ததும், முகக்கவசம் போட்டு, வெளியில் வைத்து, மென்மையான பிரஷால் பூஞ்சணத்தைத் தட்டுங்கள். ஈரத்தில் துடைத்தால் அது தாளுக்குள் இறங்கிவிடும். பழைய பேனா மை பழுப்பாக மாறியிருந்தால் அது இரும்பு மையாக இருக்கலாம், தண்ணீர் பட்டால் தாளையே அரிக்கும்.

வெள்ளிப்பூச்சி இருந்தால், புத்தகத்தைப் பொலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி −18 பாகை செல்சியஸில் இரண்டு வாரம். சந்தியில் ஐஸ்கிரீம் கடைக் குளிர்ப்பெட்டி போதும். வெளியே எடுத்த பிறகு ஒரு முழு நாள் பையைத் திறக்காதீர்கள். அவசரப்பட்டால் குளிர்ந்த தாளில் நீர் பூத்து, காயவைத்த வேலை வீணாகும்.

செலோடேப், லெமினேட் இரண்டும் கூடாது. எண் போடுவது பென்சிலால். மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், நீல நிறத்தை விட்டு ஆரஞ்சு வாங்குங்கள். நிறம் மாறியதும் 110–120 பாகை அவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி உதவும். பெட்டிக்குள் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் திரும்பும், மலிவான ஈரமானி ஒன்று போட்டுவையுங்கள்.

பிறகு ஒவ்வொரு பக்கமும் படம், வெற்றுப் பக்கம் உட்பட. 1964-இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இங்கிருந்த இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அப்படிப் போய் நீலகிரியில் இருக்கும் குடும்பத்துக்குப் பாட்டியின் பேர் எழுதிய ஒரு பக்கம் எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் கடன், சாதிக் குறிப்பு உள்ள பக்கங்களைப் பேஸ்புக்கில் போடாதீர்கள். உரியவர் கேட்டால் காட்டுங்கள்.

அடிக்குச்சி:
தப்பு பற்றி. பிரிந்த பழைய தோலை நெருப்பில் காட்டாதீர்கள். வாசிக்கிற தப்பைச் சூடு காட்டி இறுக்குவது சரி. காய்ந்து விறைத்த பழைய தோல் சூட்டில் சட்டெனச் சுருங்கி, இன்னும் ஒட்டியிருக்கும் பக்கத்தையும் கிழிக்கும். ஃபெவிகோல், ஆணி வேண்டாம். தட்டையாக, துணி விரித்த தட்டில், தோல் மேலே பார்த்தபடி வையுங்கள். சுவரில் மாட்டினால் சட்டத்தின் மூட்டு தளரும். அந்தச் சட்டம் வளைந்த துண்டுகளை மூட்டி, உலோகத் தகடு அடித்துச் செய்ததா என்று பின்பக்கம் பாருங்கள், அதையும் படம் எடுங்கள். தோலை ஒட்டிய பசை பெரும்பாலும் புளியங்கொட்டைப் பசை, பூச்சிக்கு அது விருந்து. மாதம் ஒருமுறை விளிம்பைப் பாருங்கள்.

நல்ல தப்பைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டவேண்டாம். பெரட்டுக்கு (காலையில் வேலை பிரிக்கும் கூட்டம்) கூப்பிட்ட அடி, சாவு அடி, மாசியில் மன்மதன் கதையான காமன் கூத்துக்கு அடிக்கிற அடி எல்லாம் வேறு வேறு. தெரிந்த பெரியவர்களை அடிக்கச் சொல்லிப் பதியுங்கள். இரண்டு கையும் தெரியவேண்டும்: ஒரு கையில் குட்டையான அடிக்குச்சி, மற்றதில் நீண்ட மெல்லிய சிம்புக்குச்சி. முதலில் மெதுவாக, பிறகு வழக்கமான வேகத்தில். ஒலி மட்டும் பதிந்தால், கேட்டுப் பழகுகிற பொடியனுக்கு எந்தக் கை எது என்று பிடிபடாது.

வாட்டுமாடி:
தகரத் துண்டைப் புளி, சாம்பல், எலுமிச்சை எதனாலும் தேய்க்காதீர்கள். மேல்பூச்சு மிக மெல்லியது, அதோடு எண்ணும் போய்விடும். உலர்ந்த பிரஷ் போதும். விளக்க அட்டை எழுதும்போது ஒரு கவனம்: இது கப்பலேறி வந்தவர் எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்று காட்டக் கழுத்தில் கட்டிய துண்டு. ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணிக்குத் தொழிலாளர் பட்ட கடனை எழுதிய காகிதத் துண்டு வேறு, அந்த முறை 1921-இல் சட்டத்தால் ஒழிந்தது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிய விளக்க அட்டையைவிட வெற்று அட்டை நல்லது.

கவ்வாத்துக் கத்தியைச் சாணை பிடிக்காதீர்கள். தேய்ந்த வாய்தான் அதன் கதை. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, உதிரும் துருவைப் பித்தளை பிரஷால் எடுத்து, மெழுகு பூசுங்கள். பிடியில் மண்ணெண்ணெய் படக்கூடாது.

இயந்திரத்தை அசைக்க வேண்டாம். பெயர்த் தகடு, அளவு, பெல்ட் போன வழி, எந்த மாடியில் எது நின்றது என்று வரைபடம் போடுங்கள். கொழுந்தை வாட்டும் வாட்டுமாடி ஏன் மேலே, அத்தனை ஜன்னல் ஏன் என்பது அதில்தான் விளங்கும். டிரையர், குழாய்களைச் சுற்றிய வெள்ளை நார்ப் பூச்சு அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். தொடாமல், சிறுவர்களை உள்ளே விடாமல் பாருங்கள். இவற்றைச் சட்டம் காக்கும் என்று நம்பியும் இருக்காதீர்கள். தொல்பொருள் சட்டம் தொல்பொருள் என்று சொல்வது 1815 மார்ச் 2-க்கு முந்தியவற்றை. லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் முதல் வணிகத் தேயிலையை நட்டதே 1867-இல்.

பணியலயம்:
மிக்க நன்றி. செக்ரோலை இன்றே விரிக்கிறோம். கூடையின் அடியில் மாவு போலத் தூள் கொட்டுகிறது, என்ன செய்வது?

வாட்டுமாடி:
மூங்கில் துளைக்கிற வண்டு. தூளைத் தட்டிவிட்டு, கறுப்புத் தாள்மேல் ஒரு வாரம் வையுங்கள். புதுத் தூள் விழுந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது: பையில் கட்டி அதே குளிர்ப்பெட்டி, அதே இரண்டு வாரம். அதுவரை தப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.