ட்ராம் ஓடிய மவுண்ட் ரோடு: பழைய படத்தைப் பார்த்தவர்களின் அனுபவங்கள்

சிந்தாதிரிப்பேட்டை வாசகர்:
ரவுண்டாணா (இப்போது அண்ணா சிலை நிற்கும் சந்திப்பு) பக்கத்து மவுண்ட் ரோட்டை, அதாவது இன்றைய அண்ணா சாலையைக் காட்டும் பழைய அஞ்சலட்டை ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. ஆண்டு எதுவும் அச்சாகவில்லை. பெரியப்பாவிடம் காட்டினேன். அவர் கட்டடங்களைப் பார்க்கவே இல்லை, நேராகத் தரையைப் பார்த்தார். "தண்டவாளம் இருக்கு பாருடா, அப்போ 53-க்கு முந்தினது" என்றார். மெட்ராஸில் ட்ராம் நின்றது 1953-இல். மேலே கம்பி ஓடுகிறது, ஆகவே மின்சார ட்ராம் வந்த 1895-க்குப் பிந்தையது. தூரத்தில் ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையின் வெள்ளை முகப்பு. அந்தக் கட்டடம் எழுந்தது 1904-இல். மோட்டார் கார் ஒன்றுகூட இல்லை, ஜட்காவும் மாட்டுவண்டியும்தான். இப்படியே சுருக்கிச் சுருக்கி, 1904-ஐ ஒட்டிய சில வருடங்களுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை படத்தோடு அங்கேயே போனேன். எதுவும் பிடிபடவில்லை. ஒரு கடையின் காவலாளி என்ன தேடுகிறேன் என்று கேட்டு, படத்தை வாங்கிப் பார்த்தார். "கீழே எல்லாம் ஷட்டரும் போர்டும் சார், மாடியைப் பாருங்க" என்றார். எத்தனை சரியான பேச்சு! தரைத்தளம் ஒவ்வொரு வாடகைக்காரருக்கும் மாறுகிறது. மாடியின் வளைவுகளையும் கைப்பிடிச் சுவரையும் யாரும் தொடுவதில்லை. தலையைத் தூக்கியதும் பி.ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரக் கோபுரம் படத்தில் இருப்பது போலவே நின்றது.

கோடம்பாக்கம் வாசகி:
எனக்குப் பழைய படம் என்றாலே பாரத் இன்சூரன்ஸ் கட்டடம்தான். 1897-இல் டபிள்யூ.இ. ஸ்மித் மருந்துக் கம்பெனிக்காகக் கட்டியது, அப்போது கார்டில் பில்டிங் என்று பெயர். அந்தக் கூம்புக் கோபுரங்களைக் காட்டித்தான் அம்மா எனக்கு வழி சொல்லுவார். 2006-இல் இடிக்க ஆரம்பித்தபோது பஸ் ஜன்னலிலிருந்து பார்த்து எனக்கு நெஞ்சு பதறியது. பாரம்பரியக் கட்டட ஆர்வலர்கள் வழக்குப் போட்டார்கள்; 2010-இல் உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்றது. அந்தத் தீர்ப்பை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் இடிக்காமல் விட்டால் மட்டும் போதாது, பழுதுபார்த்து ஆட்கள் புழங்கவும் வேண்டும். பூட்டிக் கிடக்கும் கட்டடத்தில் ஆலஞ்செடி முளைப்பதற்கு எத்தனை மழை வேண்டும்?

திருவல்லிக்கேணி வாசகர்:
அக்கா சொல்வது ரொம்பச் சரி. பழைய ஸ்பென்சர் கட்டடத்துக்கு அந்த வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை, 1983 தீயில் போய்விட்டது. அப்பாவின் ஆல்பத்தில் அவரும் நண்பர்களும் அதன் முன்னால் நிற்கும் படம் இருக்கிறது. அதே இடத்தில் பிறகு வந்த ஸ்பென்சர் பிளாசா வணிக வளாகம் மட்டும் தெரிந்த என் மகள், அந்தச் செங்கல் முகப்பைப் பார்த்து வேறு ஊர் என்றே நினைத்தாள். படத்தின் பின்பக்கம் அப்பா பென்சிலால் தேதியும் இடமும் எழுதியிருந்ததால்தான் என்னால் அடித்துச் சொல்ல முடிந்தது. உங்கள் வீட்டு ஆல்பத்திலிருந்து தெருப் படம் எதையாவது ஸ்கேன் செய்தால், தயவுசெய்து பின்பக்கத்தையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.