பெட்டோஸ்கி கல்: கரையில் இன்னும் கிடைக்குமா? கல் மெருகேற்றும் டம்ப்ளர் மெஷினில் போடலாமா?

நோவிவாசி கேட்டது:

மே கடைசியில வர்ற மெமோரியல் டே விடுமுறைக்குக் குடும்பத்தோட மிச்சிகன் வடக்கே, பெட்டோஸ்கி – சார்லவாய் பக்கம் போறோம். தேன்கூடு வடிவம் தெரியுற பவளப் புதைபடிவமான பெட்டோஸ்கி கல் பொறுக்கணும்னு வீட்ல ஒரே ஆசை. "கரையில நடந்தாலே கிடைக்கும்"னு சிலர் சொல்றாங்க, "எல்லாத்தையும் எப்பவோ பொறுக்கி முடிச்சாச்சு"னு சிலர். எது நிஜம்? எடுக்க சட்டத்துல தடை ஏதும் இருக்கா? வீட்ல அகேட் மாதிரி கடினமான கல்லை உருட்டி மெருகேத்துற சின்ன ரோட்டரி டம்ப்ளர் மெஷின் இருக்கு, அதிலேயே இதையும் போட்டுடலாமா? ஆன்லைன்ல மலிவா வர்றது அசல்தானா?

கரைநடை:

கல்லுக்குப் பஞ்சம் இல்லை. நீங்க போற நேரத்துல, நீங்க நடக்குற கரையில, கண்ணுக்குத் தெரியுற மாதிரி கிடக்குற நல்ல கல்லுக்குத்தான் பஞ்சம்.

பெட்டோஸ்கி கல் டெவோனியன் காலத்துப் பவளம். பேரு ஹெக்சகோனாரியா பெர்காரினாட்டா, வயசு ஏறக்குறைய 38 கோடி வருஷம். லிட்டில் டிராவர்ஸ் வளைகுடாவைச் சுத்தி இருக்குற சுண்ணக்கல் பாறைதான் இதோட தாய்ப்பாறை. பனியாறுகள் அதைப் பெயர்த்து மாநிலம் பூரா இழுத்துட்டுப் போச்சு. அதனால தெற்கே ஜல்லிக்குழியில கூட எப்பவாவது ஒண்ணு தலைகாட்டும். கரைக்குப் புதுச் சரக்கு வர்றது குளிர்காலத்துலதான். ஏரியில உறையுற பனிக்கட்டி அடியில கிடக்குற கல்லைப் புரட்டி மேலே தள்ளும். பனி உருகின கையோட, ஏப்ரல்லயே போறவங்களுக்கு நல்லது கிடைக்கும். மெமோரியல் டேக்குள்ள பேர்போன இடங்களை ஒரு சுத்து அலசி முடிச்சிருப்பாங்க. மேற்கு இல்லைன்னா வடமேற்குக் காத்து பலமா அடிச்ச மறுநாள் காலைல போனா அந்தக் குறை ஓரளவு தீரும்.

ஆளாளுக்கு ஒண்ணு சொல்றதுக்கு இன்னொரு காரணம் ஏரியோட நீர்மட்டம். மிச்சிகன் ஏரி 2013 ஜனவரியில பதிவானதுலயே ரொம்பக் கீழே இறங்குச்சு. அப்போ அகலமான கூழாங்கல் கரை வெளியே தெரிஞ்சது. 2020-ல மாசாமாசம் உச்ச அளவை முறியடிச்சு ஏறினப்போ அதே கரை தண்ணிக்குள்ள போயிடுச்சு. எந்த வருஷம் போனவர் சொல்றார்னு பார்த்துட்டு அப்புறம் நம்புங்க.

இடம்: சார்லவாய்க்குத் தெற்கே ஃபிஷர்மன்ஸ் ஐலண்ட் ஸ்டேட் பார்க்தான் என் முதல் தேர்வு. பெட்டோஸ்கி ஸ்டேட் பார்க், ஊருக்குள்ளேயே மேக்னஸ் பார்க், லீலனாவ் முனையில நார்த்போர்ட் பக்கம் பீட்டர்சன் பார்க்கும் சரிதான். ஸ்டேட் பார்க்குக்கு வண்டியில ரெக்ரியேஷன் பாஸ்போர்ட்ங்கிற நுழைவு அனுமதி வேணும். மணல் கரையை விட்டுடுங்க. முட்டை அளவுக் கூழாங்கல் குவிஞ்ச இடமாப் பாருங்க.

முக்கியமான விஷயம், காய்ஞ்ச பெட்டோஸ்கி வெறும் சாம்பல் நிறச் சுண்ணக்கல் மாதிரிதான் இருக்கும். காலடியில கிடந்தாலும் தெரியாது. நனைஞ்சாத்தான் தேன்கூடு வடிவம் கண்ணுக்குத் தெரியும். கணுக்கால் ஆழத் தண்ணியில நடந்து தேடுங்க, போலரைஸ்டு கண்ணாடி போட்டா மேல்பரப்புப் பளபளப்பு மறையும். காய்ஞ்ச கரையில தேட ஸ்ப்ரே பாட்டில் போதும். பசங்களுக்கு வாட்டர் ஷூ கட்டாயம், மே மாசத் தண்ணி எலும்பைக் குத்தும்.

அடையாளம்: தேன்கூடு வடிவத்துல ஒவ்வொரு அறையும் சுமாரா 6 முதல் 12 மி.மீ., நடுவுல கருத்த கண், அதுல இருந்து சுவரை நோக்கி மெல்லிய கோடுகள். கண்ணும் கோடும் இல்லாம அறை பொடிப்பொடியா இருந்தா அது ஃபாவோசைட்டீஸ்ங்கிற வேற பவளம், உள்ளூர்ல சார்லவாய் கல்னு சொல்வாங்க. அதுவும் அழகுதான், தூக்கிப் போட்டுடாதீங்க.

ஏரிக்கரை வக்கீல்:

சட்டம் பற்றிச் சுருக்கமாக. மிச்சிகன் மாநில நிலங்களில் ஒருவர் ஓர் ஆண்டுக்குச் சொந்த உபயோகத்துக்காக எடுக்கக்கூடியது மொத்தம் 25 பவுண்டு, அதாவது 11 கிலோ சொச்சம். பெட்டோஸ்கி மட்டுமல்ல, எல்லாக் கற்களும் புதைபடிவங்களும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ஒரே கல் 25 பவுண்டைத் தாண்டினாலும் மீறல்தான். 2015-ல் நார்த்போர்ட் அருகே ஏரியிலிருந்து ஒருவர் எடுத்த 93 பவுண்டுக் கல்லை மாநில இயற்கை வளத் துறை கைப்பற்றியது. அந்தக் கல் பிறகு டெட்ராய்ட் அவுட்டோர் அட்வென்ச்சர் சென்டருக்குப் போய்ச் சேர்ந்தது.

ஸ்லீப்பிங் பேர் டியூன்ஸ் மத்திய அரசின் பூங்கா. அங்கே ஒரு கூழாங்கல்லைக்கூட எடுக்கக் கூடாது. எடுத்துப் பார்க்கலாம், படம் பிடிக்கலாம், அங்கேயே வைத்துவிட வேண்டும். லீலனாவ் பக்கம் போகிறவர்கள் எல்லை எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள், கரை ஒன்றுபோலத்தான் இருக்கும்.

தனியார் வீடுகளின் முன்னால் வழக்கமான உயர்நீர்க் கோட்டுக்கு (தண்ணீர் வழக்கமாக ஏறி வரும் எல்லைக்கு) கீழே நடந்து போக யாருக்கும் உரிமை உண்டு என்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 2005-ல் தீர்ப்பளித்தது. அது நடப்பதற்கான உரிமை. கல் எடுக்க வேண்டுமென்றால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதே நல்லது.

உப்புத்தாள்:

டம்ப்ளர் வேண்டாம் சகோ. அகேட்டோட சேர்த்துப் போடவே போடாதீங்க. கல்லோட கடினத்தை அளக்குற மோஸ் அளவுகோல்ல அகேட் 7 கிட்ட, பெட்டோஸ்கி சுண்ணக்கல்லோட கனிமமான கால்சைட், வெறும் 3. முதல் கட்டக் கிரிட்லயே (தேய்க்கிற தூள், எண் கூடக் கூட நைசு) அகேட் இதை அரைச்சுத் தின்னுடும், மிச்சம் வர்றது விளிம்பு உடைஞ்ச மங்கலான உருண்டை. தனியாப் போட்டாலும் கரடுமுரடான கிரிட்டைத் தவிர்த்து 500-ல ஆரம்பிச்சு, இடிபடாம இருக்க பிளாஸ்டிக் குருணை போட்டு, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கணும். அந்தப் பாட்டுக்குக் கையால தேய்க்கிறதே மேல்.

தேவையானது: 220, 400, 600 கிரிட் வாட்டர் பேப்பர், ஒரு கிண்ணம் தண்ணி, கார்ட்ராய் இல்லைன்னா வெல்வெட் துண்டு, அலுமினியம் ஆக்சைடு பாலிஷ் பவுடர் ஒரு ஸ்பூன்.

முதல்ல சோப்புத் தண்ணியில பல் துலக்கும் பிரஷ்ஷால கழுவுங்க. வினிகர், பாத்ரூம் ஆசிட் எதுவும் கிட்டயே வரக்கூடாது, சுண்ணக்கல் நுரைச்சு மேல்பரப்பு அரிச்சுப் போயிடும்.

220 தாளை நனைச்சு, கல்லையும் நனைச்சு, வட்டமாத் தேய்ங்க. கரைக்கல்லுல இருக்குற குழியும் கீறலும் இந்தக் கட்டத்துலதான் போகணும். உள்ளங்கை அளவுக் கல்லுக்கு அரை மணி நேரமாவது ஆகும். அப்புறம் 400, அப்புறம் 600. ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவுல கல், கை, கிண்ணம் மூணையும் கழுவி, தண்ணியை மாத்துங்க. 220-ல இருந்து வந்த ஒரே ஒரு துகள் 600 தாள்ல ஒட்டிட்டா கதை கந்தல், புதுசு புதுசாக் கோடு விழும்.

பெரும்பாலானவங்க சறுக்குற இடம் ஒண்ணு இருக்கு. ஈரமா இருக்கும்போது பார்த்து "ஆஹா, முடிஞ்சது"னு அடுத்த தாளுக்குப் போயிடுவாங்க. ஈரம் எல்லாக் கீறலையும் மறைக்கும். துடைச்சு, நல்லா காய விட்டு, விளக்கைச் சாய்வாப் பிடிச்சுப் பாருங்க. வெள்ளைக் கோடு தெரிஞ்சா அதே தாள்ல தொடருங்க. 600-ல தெரியுற ஆழக் கீறலை 600-ஆல எடுக்க முடியாது, 220-க்குத் திரும்பித்தான் ஆகணும்.

600 முடிஞ்சு காய்ஞ்ச கல் கீறலே இல்லாம ஒரே சீரா மங்கலா இருக்கணும். அப்போ கார்ட்ராய் துணியை லேசா நனைச்சு, பவுடரைத் தூவி, அழுத்தித் தேய்ங்க. துணி காயக் காயத்தான் பளபளப்பு ஏறும், அதனால சொட்டச் சொட்ட நனைக்காதீங்க.

வார்னிஷ், நெயில் பாலிஷ் அடிக்கிறது எனக்குப் பிடிக்காது. நாளாக ஆக மஞ்சளாகி உரியும். அந்தச் சேறு கலந்த தண்ணியைச் சிங்க்ல ஊத்தாதீங்க, குழாய் அடைச்சுக்கும்.

பவளப்பாறை:

ஆன்லைன் சரக்குக்கு ஒரு வார்த்தை. இந்தோனேசியப் பவளப் படிவம் பார்க்க ஒத்துப்போகும், ஆனா சிலிக்காங்கிற கடினமான கனிமமா மாறினது. கத்தி முனையால ஓரத்துல கீறிப் பாருங்க, கோடு விழலைன்னா அது பெட்டோஸ்கி இல்லை. மொராக்கோ சரக்குதான் சிக்கல். அதுவும் கால்சைட், அதே ஹெக்சகோனாரியா குடும்பம், கத்திக்கும் ஆசிடுக்கும் ஒரே பதில்தான் சொல்லும். மலிவான விலைக்கு முழுக்க முழுக்க வடிவம் நிறைஞ்ச பெரிய உருண்டை வந்தா, எந்த ஊர்ல எடுத்ததுன்னு விற்கிறவரைக் கேளுங்க. "மிச்சிகன்"னு எழுத்துல சொல்லத் தயங்கினா விட்டுடுங்க.

சேகரிக்கிறவங்க மதிக்கிறது அளவை மட்டும் இல்லை. எல்லாப் பக்கமும் அறை நிறைஞ்சிருக்கணும், வெள்ளைக் கால்சைட் நரம்பு குறுக்கே ஓடக்கூடாது, கண் நல்லாக் கருத்திருக்கணும். இரும்பு ஏறி இளஞ்சிவப்பான கல் இன்னும் அபூர்வம்.

நோவிவாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. போன வருஷம் நண்பர் தந்த ஒரு கல்லு மேஜையில இருக்கு. ஒரு பக்கம் மட்டும் அறை தெரியுது, பக்கவாட்டுல வெறும் கோடு கோடா ஓடுது. பாதிக் கல்தான் பெட்டோஸ்கியா?

உப்புத்தாள்:

முழுக் கல்லும் அதேதான். ஒவ்வொரு அறையும் நீளமான குழாய். குறுக்கே பார்த்தா அறுகோணம், நெடுக்கே பார்த்தா கோடு. கோடு ஓடுற பக்கத்தை எவ்வளவு தேய்ச்சாலும் அறுகோணம் வராது. அறை தெரியுற பக்கத்தை மட்டும் 220-ல இருந்து தட்டையாத் தேய்ச்சு எடுங்க, பக்கவாட்டை அப்படியே விட்டுடுங்க. ரம்பத்துல அறுக்குறதா இருந்தா கோட்டுக்குச் செங்குத்தா அறுக்கணும், ஒவ்வொரு வில்லையிலயும் முழு வடிவம் கிடைக்கும்.