மறு: இலத்திரனியல் கலந்த திரவத் தாங்கமைப்புக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

காரின் உடலைச் சில்லுகளுக்கு மேல் தாங்கும் சஸ்பென்ஷனில், எண்ணெயும் கணினியும் சேர்ந்த வகைக்கு 'மின்னணு நீரியல் இடைநீக்கம்' என்ற முன்மொழிவைப் பார்த்தேன். இடைநீக்கம் அலுவலகத்தில் வேலை செய்பவருக்கு நடப்பது, காருக்கு நடக்காது. நீரியலும் சரிவராது, உள்ளே ஓடுவது எண்ணெய். மின்னணுவா இலத்திரனியலா என்ற சண்டை பாக்கு நீரிணையின் இரு கரையிலும் பழையது. கிளிநொச்சியில் இருந்து எழுதும் நான் இலத்திரனியலோடு நிற்கிறேன்.

முதலில் அது செய்யும் வேலையைப் பார்ப்போம். வன்னியில் எல்லோரும் அறிந்த திரவ அழுத்தம் ரிப்பர் லொறியின் பெட்டியைத் தூக்கும் ஜக்தான். எண்ணெய் அமுங்காது, அதனால் கிரவல் நிறைந்த பெட்டியும் எழும்புகிறது. அந்த எண்ணெயை மட்டும் சில்லுக்கு மேல் வைத்தால் ஒட்டுசுட்டான் பக்கத்துப் பாதைகளில் நாரி முள்ளு மிஞ்சாது. பிரான்சின் சிட்ரோயன் கார் நிறுவனத்தில் போல் மாஜெஸ் கண்ட வழி, ஓர் இரும்பு உருண்டைக்குள் ரப்பர் சவ்வு. ஒரு பக்கம் எண்ணெய், மறுபக்கம் நைதரசன். வாயுதான் ஸ்பிரிங். உருண்டையின் கழுத்தில் உள்ள சிறு துளைகளால் எண்ணெய் நெருக்கிக்கொண்டு போகும்போது ஆட்டம் அடங்குகிறது. எங்கள் கராஜ்களில் பொனற்றை ஒருக்கால் அமுக்கிவிட்டு, ஆட்டத்தை அடக்கும் சொக் அப்சோபரோடு ஸ்பிரிங்கையும் சேர்த்தே 'சொக் போயிட்டுது' என்பார்கள். இரண்டு வேலையையும் உருண்டையே செய்யும் இந்தக் காரில் அது பிழையே இல்லை!

1954இல் பின் சில்லுகளுக்கு மட்டும், 1955இல் டி.எஸ். காரில் நான்குக்கும் இது வந்தது. பின்னால் நெல் மூட்டை ஏற்றினாலும் வால் தாழ்ந்தே கிடக்காது. உயரத்திருத்தி வால்வு எண்ணெயை உள்ளே விட்டு நிமிர்த்திவிடும். இலத்திரனியல் துளியும் இல்லை, எல்லாம் கம்பியும் வால்வும்.

கணினி இதற்குள் புகுந்தது 1989இல், எக்ஸ்.எம். காரில். அச்சுக்கு ஒன்றாக மேலதிக உருண்டை வைத்தார்கள். ஸ்டியரிங் எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது, பிரேக்கின் அழுத்தம், அக்சிலேற்றர், வேகம், உடலின் ஆட்டம் எல்லாவற்றையும் உணரிகள் சொல்லும். கணினி மின்வால்வைத் திறந்தால் அந்த உருண்டையும் சேர்ந்து கார் மெத்தென்று ஓடும். மூடினால் விறைக்கும். வால்வுக்கு மின்சாரமே போகாவிட்டாலும் கார் குந்திவிடாது, விறைப்பாக ஓடும், அவ்வளவுதான்.

அப்படியென்றால் தாங்குவது திரவமும் வாயுவும். இலத்திரனியல் ஆள்கிறது மட்டும். ஆகவே 1955 வகைக்குத் 'திரவவாயுத் தாங்கமைப்பு', 1989 வகைக்கு 'இலத்திரனாள்கைத் திரவவாயுத் தாங்கமைப்பு'. நீளம்தான். கராஜில் ஒருவரும் இதைச் சொல்லப்போவதில்லை, பாடநூலுக்குப் போதும். 2001இல் வந்த சி5 காரில் உயரத்தையும் கணினியே பார்த்துக்கொண்டது. அதற்கும் இந்தச் சொல் செல்லும்.

மெர்சிடிஸ் 1999இல் கொண்டுவந்ததை இதற்குள் அடக்க வேண்டாம். அங்கே தாங்குவது உருக்குச் சுருள் ஸ்பிரிங், அதனோடு சேர்ந்த எண்ணெய் உருளைதான் கணினி சொன்னபடி தள்ளுகிறது. அதற்கு 'இயங்கு தாங்கமைப்பு' என்று தனிச்சொல் வைக்கலாம். உருண்டையைக் 'கோளம்' ஆக்க வேண்டும் என்று யாராவது எழுதுவீர்கள். எனக்கு உருண்டையே போதும்.