போக்கர் மேசையில் சுவிசேஷம்: சாட்சியா, சாக்கா?

வலைவீசி:
இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எட்டுப் பேர் கூடி டெக்சாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் சீட்டாட்டம் ஆடுகிறோம். சிறு தொகைதான். தோற்றவர் விரும்பினால் மறுபடி பணம் கட்டி சிப் (பணத்துக்குப் பதில் மேசையில் வைக்கும் வில்லை) வாங்கிக்கொள்ளலாம். மூன்று ஆண்டுகளாக நடக்கிறது. எட்டுப் பேரில் நான் மட்டுமே விசுவாசி. ஒருநாள் ஒருவர், "கடைசிச் சீட்டு திரும்பும்போது ஜெபம் செய்வாயா?" என்று கிண்டலாகக் கேட்டார். இல்லை என்றேன், ஏன் இல்லை என்று விளக்கினேன். அன்று ஆட்டம் முடிந்த பிறகும் வாசலில் நின்று ஒரு மணி நேரம் பேசினோம். அதற்குப் பிறகு மேசையில் விசுவாசத்தைப் பற்றிப் பேசுவது வழக்கமாகிவிட்டது. இப்போது சபை மூப்பர் ஒருவர் நிறுத்தச் சொல்கிறார். ஆயக்காரரோடும் பாவிகளோடும் இயேசு பந்தியிருக்கவில்லையா?

உப்புக்கல்:
இருந்தார், தம்பி. ஆனால் எங்கே இருந்தார் என்று பாருங்கள். ஆயக்காரனான லேவி, வரி வசூலிக்கும் ஆயத்துறையில் உட்கார்ந்திருந்தான். "எனக்குப் பின்சென்று வா" என்றதும் எழுந்து போனான். விருந்து அவன் வீட்டில் நடந்தது. லேவிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு இயேசு வரி வசூலிக்கவில்லை. நீங்கள் பந்தியில் இல்லை, ஆயத்துறையில் இருக்கிறீர்கள்.

இன்னொன்று. கையில் ஒன்றும் இல்லாமல் எல்லாச் சிப்பையும் நடுவே தள்ளிவிட்டு முகத்தைக் கல்லாக வைத்திருக்கிறீர்கள். அடுத்த நிமிடம் உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொல்கிறீர்கள். அதே முகம்தானே? "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்" சொல்லச் சொன்னவரின் சீடர் நீங்கள். அயலானை நேசிப்பவன் சூதாட்டத்தால் அவன் உடைமைக்குச் சேதம் செய்ய முடியாது என்று மெதடிஸ்ட் சபையின் முன்னோடி ஜான் வெஸ்லி பணத்தைப் பற்றிய பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். தொகை சிறிதா பெரிதா என்று அவர் பார்க்கவில்லை.

நதிச்சீட்டு:
பிளஃப், அதாவது கையில் நல்ல சீட்டு இருப்பதுபோல் நடிப்பது, பொய் என்றால், இடப்பக்கம் போவதுபோல் போக்குக் காட்டி வலப்பக்கம் உதைக்கும் கால்பந்து வீரனும் பொய்யன்தான். ஏமாற்றுவது ஆட்டத்தின் ஓர் அங்கம் என்று தெரிந்துதான் எல்லோரும் உட்காருகிறார்கள். நான் கத்தோலிக்கன். எங்கள் மறைக்கல்வி நூலின் 2413ஆம் பத்தி, சீட்டாட்டமோ பந்தயமோ தன்னளவில் நீதிக்கு முரணல்ல என்கிறது. ஒருவருடைய தேவைக்கான பணத்தைப் பறிக்கும்போதுதான் அது தவறு.

போக்கர் ஆடாதவர்களுக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. முதல் இரண்டு சீட்டிலேயே ஜோடி ஏஸ் வருவது சராசரியாக 221 கைகளுக்கு ஒருமுறை. நான்கு மணி நேரம் ஆடினாலும் பல இரவுகளில் அது வராது. வருவதில் பெரும்பகுதி குப்பை. மடக்கிப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அந்தக் காத்திருப்பில்தான் மனிதர்கள் பேசுகிறார்கள். ஆராதனை முடிந்து கைகுலுக்கிக் கலையும் ஐந்து நிமிடத்தில் அப்படி யார் பேசுகிறார்கள்? கடைசியாக, யூதாசின் இடத்துக்கு அப்போஸ்தலர்கள் மத்தியாவைத் தேர்ந்தெடுத்ததே சீட்டுப் போட்டுத்தான்!

உப்புக்கல்:
தமிழ் வேதாகமம் அப்படி மொழிபெயர்த்ததால் உங்களுக்கு வசதியாகிவிட்டது. சீட்டுப் போடுவது வேறு, சீட்டாடுவது வேறு. மத்தியாவுக்காகப் போட்ட சீட்டில் யாரும் எதையும் பணயம் வைக்கவில்லை. அடுத்தவன் பொருளுக்காகச் சீட்டுப் போட்டவர்களும் வேதத்தில் இருக்கிறார்கள். சிலுவையடியில், அங்கிக்காக.

கடைசி நாற்காலி:
கடவுள் நம்பிக்கை இல்லாதவன் நான். இப்படி ஒரு மேசையில் பிரசங்கம் கேட்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். எங்கள் மேசையிலும் ஒரு விசுவாசி உண்டு. ஒருநாள் என் கடைசிச் சிப் வரை வாங்கிக்கொண்டார். நான் வாடிப்போய் உட்கார்ந்திருக்க, இவ்வுலகச் செல்வம் நிலையற்றது என்று ஆரம்பித்தார். சிப்புகளை நிறவாரியாக அடுக்கியபடியே சொன்னார்! மேசையே சிரித்தது. அன்று அவருடைய கடவுள் என்னிடம் தோற்றுப்போனார்.

உங்கள் வேதத்தை நானும் கொஞ்சம் புரட்டியிருக்கிறேன். நம்பிக்கையைக் குறித்து "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்" பதில் சொல்லத்தான் பேதுரு சொல்கிறார், அதுவும் சாந்தத்தோடு. வலைவீசி, முதல் நாள் அந்த நண்பர் கேட்டார், நீங்கள் சொன்னீர்கள். அதில் குறை இல்லை. அதற்குப் பிறகு யாராவது கேட்டார்களா?

மீண்டவள்:
சூதாட்டத்திலிருந்து மீண்ட ஒருத்தியாக எழுதுகிறேன். நான் கேசினோவில் ஆரம்பிக்கவில்லை. இப்படி ஒரு வீட்டு மேசையில், நல்லவர்களுக்கு நடுவே, சிறு தொகையில்தான் ஆரம்பித்தேன். 1957இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய, சூதாட்டத்தை விட விரும்புவோருக்கான கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் குழுவின் கூட்டங்களில் உட்கார்ந்து பாருங்கள். அங்கே யாரும் தொகையைக் கேட்பதில்லை. நிறுத்த விருப்பம் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.

"வேண்டற்க வென்றிடினும் சூதினை, வென்றதூஉம் தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று" என்கிறது குறள். மனிதரைப் பிடிக்கப் போகிறேன் என்று பெயரையே வலைவீசி என்று வைத்திருக்கிறீர்கள், சகோதரரே. அந்த மேசையில் ஏற்கெனவே ஒரு தூண்டில் கிடக்கிறது. அடிக்கடி மறுபடி சிப் வாங்குபவர் யார் என்று யோசித்துப் பார்த்தீர்களா?

நதிச்சீட்டு:
சகோதரி சொல்வதை மறுக்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒருவருக்கு ஒவ்வாததை எல்லோரும் விட வேண்டும் என்றால் கல்யாண வீட்டில் இனிப்பே பரிமாற முடியாது.

உப்புக்கல்:
சகோதரனுக்கு இடறலாகுமானால் மாம்சமே புசியேன் என்றார் பவுல். உங்களுக்கு இனிப்பை விட முடியவில்லை!

வலைவீசி:
இரண்டு நாள் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். சகோதரியின் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் இருந்தது. வாசலில் நின்று என்னோடு பேசிய அதே நண்பர்தான். இப்போதெல்லாம் ஒரே இரவில் மூன்று முறை சிப் வாங்குகிறார். இரண்டு முறை என்னிடமே கடன் கேட்டார், கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. நான் பேசுவதை அவ்வளவு ஆர்வமாகக் கேட்பவர், ஆட்டத்துக்கு வராமல் போய்விடுவாரோ என்று பயந்தேன். எழுதிப் பார்க்கும்போது அசிங்கமாக இருக்கிறது.

மூப்பர் நிறுத்தச் சொன்னதை நான் இன்னும் ஏற்கவில்லை. ஐயா சொல்லும் ஆயத்துறை வாதத்தையும் முழுதாக ஏற்கவில்லை. ஆனால் மறுபடி சிப் வாங்குவதை நிறுத்தச் சொல்லப்போகிறேன். ஒரே நுழைவுத்தொகை, போட்டி முறை. பணமே இல்லாமல் ஆடலாமா?

நதிச்சீட்டு:
பணமில்லாத போக்கரில் யாரும் சீட்டை மடக்கமாட்டார்கள். எல்லோரும் கடைசிச் சீட்டு வரை ஓட்டுவார்கள், பிளஃப் செத்துவிடும். அரைமணி நேரத்தில் கலைந்துவிடுவீர்கள். நுழைவுத்தொகை நல்ல யோசனை.

மீண்டவள்:
உங்கள் ஏழு பேருக்கு நல்ல யோசனை. அவருக்கு அல்ல. முதலில் அவரைத் தனியாகப் பாருங்கள். ஆட்ட நாளில் வேண்டாம்.

வலைவீசி:
நாளைக் காலை போகிறேன்.

உப்புக்கல்:
சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், தம்பி.

கடைசி நாற்காலி:
சுவிசேஷக் கைப்பிரதியையும்தான்.