லா ரோக்-கஜாக்கில் ஐந்து நாள்: முழங்கால் வலி அம்மா, நாலு வயசுப் பையன். எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

காவிரிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். பாரிஸ் பக்கம் இவ்ரியில இருக்கோம். ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க. ஈஃபில் டவர், லூவ்ர் எல்லாம் ஆச்சு. "கிராமம் ஒண்ணு காட்டு, வயக்காடு பாக்கணும்"னு அப்பா கேட்டுட்டே இருக்கார். அதனால ஜூலை ரெண்டாவது வாரம் அஞ்சு நாளைக்கு தென்மேற்கு பிரான்ஸ்ல தோர்தோஞ் ஆத்தோரம் லா ரோக்-கஜாக் கிராமத்துக்குப் பக்கத்துல ஒரு வாடகை வீடு பிடிச்சிருக்கேன். ஏழு பேர் உட்கார்ற வண்டியும் சொல்லியாச்சு.

நான் எழுதி வெச்சிருக்கிற பட்டியல்: பெய்னாக் கோட்டை, கஸ்தெல்னோ கோட்டை, மிலாந்த் மாளிகை, மர்கேசாக் தோட்டம், தோம், லாஸ்கோ குகை, பதிராக் குகை, ரொகமதூர். நடுவுல கனோ (துடுப்புப் படகு).

பிரச்சினை என்னன்னா, அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதரையில நடப்பாங்க, படின்னா யோசிப்பாங்க. மகளுக்கு ஒம்பது, பையனுக்கு நாலு. அப்பா அம்மா சுத்த சைவம். இந்தப் பட்டியல் நடக்கிற காரியமா? போய் வந்தவங்க யாராச்சும் சொல்லுங்க.

குசினிக்காரன்:

தம்பி, நான் அந்தப் பக்கம் ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில நாலு கோடை வேலை செய்தனான். ஏப்ரல்ல போனால் ஒக்டோபர்லதான் பாரிசுக்குத் திரும்புறது. மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவில மூண்டு மணித்தியாலம் கிடைக்கும். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்த நேரத்திலயும் லீவு நாளிலயும் சுத்தினதுதான்.

அஞ்சு நாளுக்கு எட்டு இடம் எழுதியிருக்கிறியள். பாதியை வெட்டுங்கோ. வெட்டிப்போட்டு மிச்சத்தை வெயிலைப் பார்த்து அடுக்குங்கோ, கிலோமீட்டரைப் பார்த்து அடுக்காதேங்கோ. ஏனெண்டு சொல்லுறன்.

லா ரோக்-கஜாக்கில ஒரு பக்கம் ஆறு, மற்றப் பக்கம் செங்குத்தாய் நிக்கிற மஞ்சள் பாறை, நடுவில ஒரு றோட்டும் பாறையோட ஒட்டின வீடுகளும். அவ்வளவுதான் ஊர். பாறை தெற்குப் பார்த்து நிக்குது. பகல் முழுக்க வெயிலைக் குடிச்சு வைச்சிருந்து திருப்பித் துப்பும். ஜூலையில மத்தியானம் ரெண்டு மணிக்கு அந்த றோட்டில நிண்டால் போறணை வாசல்ல நிக்கிற மாதிரித்தான். அந்தச் சூட்டுக்குத்தான் பாறையடி ஒழுங்கையில மூங்கில், ஈச்சை மாதிரி மரங்கள், வாழைகூட வளருது. அம்மாவுக்குக் கட்டாயம் காட்டுங்கோ. முதல் வருசம் அந்த வாழையைக் கண்டிட்டு ஒரு இலை வெட்டினால் என்ன எண்டு யோசிச்சனான். வெட்டேல்லை. அந்தப் பாறை வடிவுக்கு மட்டுமில்லை, 1957 ஜனவரியில ஒரு துண்டு உடைஞ்சு விழுந்து மூண்டு பேர் செத்தவை, வீடுகளும் போச்சு.

ஆகவே காலமையில ஆத்துக்குப் போங்கோ. ஒம்பதரை, பத்துக்குத் தண்ணியில இருக்கவேணும். நாலு வயசுப் பிள்ளையைக் கனோவில ஏத்தமாட்டினம். பெரும்பாலும் அஞ்சு வயசும் வேணும், நீந்தவும் தெரியவேணும். ஒருநாள் நீங்களும் மகளும் போங்கோ, இன்னொருநாள் மனுசியும் மகளும் போகட்டும். செனாக்கில ஏறி பெய்னாக்கில இறங்கினால் ஒம்பது கிலோமீட்டர் அளவில வரும். அவசரப்படாமல் ரெண்டரை மணித்தியாலம். முதல்ல வலப்பக்கம் லா ரோக்-கஜாக் முழுசாய்த் தெரியும். றோட்டில நிண்டு பார்க்கேக்க இந்த ஊர் பிடிபடாது, தண்ணியில இருந்து பார்த்தால்தான் பாறையும் வீடும் ஒண்டாய்த் தெரியும். பிறகு இடப்பக்கம் கஸ்தெல்னோ, கடைசியில வலப்பக்கம் பெய்னாக். நூறாண்டுப் போரில ஒண்டு இங்கிலாந்துப் பக்கம், மற்றது பிரான்ஸ் பக்கம், ஆத்துக்குக் குறுக்கால ஒண்டையொண்டு முறைச்சுக்கொண்டு இருந்தது. ரெண்டையும் ஏறிப் பார்க்கிறது அம்மாவுக்கு ஏலாது. பிள்ளையளுக்கு ஒண்டு வேணுமெண்டால் கஸ்தெல்னோவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, உள்ள போர்க்கருவி மியூசியம், பாறாங்கல் எறியிற பெரிய மரக் கவண் எல்லாம் இருக்கு. ஏத்தம் செங்குத்து. தாத்தா பாட்டி கீழ நிழல்ல இருக்கட்டும்.

கனோவில ஏறேக்க மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாய் ஒண்டு தருவினம். போன், திறப்பு எல்லாத்தையும் அதுக்குள்ள போட்டு இறுக்கி மூடுங்கோ. நான் பிறந்தது வல்வெட்டித்துறை. கடல்ல வளந்தவனுக்கு இது என்ன ஆறு எண்டு, முதல் தரம் போனைக் காற்சட்டைப் பைக்குள்ள வைச்சுக்கொண்டு ஏறினனான். ஒரு பாலத்துத் தூணடியில தண்ணி சுழிச்சுது, கனோ குறுக்கால திரும்பிச்சு, நான் கீழ. ஆழம் இடுப்பளவுதான். போன் போச்சு, ஒரு செருப்பும் போச்சு. எழும்பி நிண்டு கண்ணைத் துடைச்சுப் பார்த்தால், பத்து வயசுப் பெட்டை ஒண்டு தகப்பனை முன்னால இருத்திவைச்சுத் துடுப்பு வலிச்சுக்கொண்டு போகுது. என்னைப் பார்த்து "போன்ஷூர்" எண்டும் சொல்லிச்சு. பின்னால வார் உள்ள செருப்புப் போடுங்கோ, அடியில முழுக்கக் கூழாங்கல்.

நீங்கள் கனோவில போகேக்க மற்ற ஆக்களைக் கபார்ல ஏத்திவிடுங்கோ. தட்டை அடி வைச்ச மர வள்ளம், லா ரோக்-கஜாக் கரையிலயே ஏறலாம், ஒரு மணித்தியாலம் சுத்திக்காட்டும். அந்தக் காலத்தில மேல் ஆத்தில இருந்து ஓக் மரத்தை இதுகளில ஏத்திக்கொண்டு வந்து, கீழ பீப்பாய் செய்யிறவைக்கு வித்துப்போட்டு, வள்ளத்தையும் உடைச்சுப் பலகைக்கு வித்துப்போட்டு நடந்து ஊர் திரும்புவினமாம். ரயில் வந்தாப் பிறகு அந்தத் தொழில் படுத்திட்டுது. இப்ப ஓடுறது சுற்றுலாவுக்கெண்டு செய்தது. அப்பாவுக்கு இது பிடிக்கும்.

மத்தியானம் நிலத்துக்குக் கீழ போயிடுங்கோ. ரூஃபிஞாக் குகைக்குள்ள சின்ன மின்சார ரயில் ஓடுது. படி ஏறுற வேலை இல்லை, அம்மா இருந்தபடியே பார்க்கலாம். ஆதி மனுசர் கீறின மம்மத் யானையள். வெளியில 36 பாகை எண்டால் உள்ள 13 பாகைதான். சுவெட்டர் கட்டாயம், மகனுக்கு ரெண்டு.

பின்னேரம் தோம். மலைக்கு மேல 1281ல அரசன் கட்டுவிச்ச ஊர். மேல வரைக்கும் வண்டி போகும். விளிம்பில நிண்டால் ஆறு வளைஞ்சு போறதும், வயல், வால்நட் மரத் தோட்டம் எல்லாம் கட்டம் கட்டமாய்த் தெரியும். அப்பா கேட்ட வயக்காடு இதுதான். ஜூலையில ஒம்பதே முக்காலுக்குத்தான் சூரியன் விழும், அவசரம் வேண்டாம்.

மிலாந்தைப் பட்டியல்ல இருந்து எடுக்காதேங்கோ. ஜோசபின் பேக்கர் இருந்த வீடு. அமெரிக்காவில வறுமையில பிறந்து பாரிசுக்கு ஆட வந்தவ, போர்க்காலத்தில பிரான்சுக்காக உளவு வேலையும் செய்தவ. 1947ல இந்த மாளிகையை வாங்கி, பல நாட்டுப் பிள்ளையள் பன்னிரண்டு பேரைத் தத்தெடுத்து இங்கதான் வளர்த்தவ. கடன் ஏறி வீடு ஏலத்தில போச்சு. 1969ல வெளியேத்தேக்க குசினி வாசல்படியில போர்வையைப் போர்த்துக்கொண்டு இருக்கிறா, அந்தப் படம் பேப்பர் எல்லாத்திலயும் வந்தது. 2021ல அவவை பாரிசில பாந்தெயோனில, பிரான்சின்ர பெரிய ஆக்களை வைக்கிற மண்டபத்தில, வைச்சுக் கௌரவிச்சவை. நான் லீவு நாள்ல ரெண்டு தரம் போனனான். முதல் தரம் வீடு முழுக்கப் பார்த்தனான். ரெண்டாந்தரம் அந்தப் படியை மட்டும் பார்த்திட்டு வந்தனான்.

புதுவை மல்லி:

அண்ணே, மிலாந்த் பத்தி எழுதினது படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

காவிரிக்கரை, நாங்க துலூஸ்ல இருக்கோம், அந்தப் பக்கம் அடிக்கடி போவோம். சாப்பாடு பத்தி மட்டும் சொல்றேன். அது வாத்து நாடு. பலகைக்குப் பலகை வாத்துதான். அதுல ஒரு கண்ணி இருக்கு: "பொம் சர்லாதேஸ்"னு உருளைக்கிழங்கு வறுவல் வரும். பூண்டு, பார்ஸ்லி போட்டுப் பொன்னிறமா, பார்த்தா நம்ம வீட்டு வறுவல் மாதிரியே இருக்கும். வறுக்கறது வாத்துக் கொழுப்புல. என் மாமியார் முதல் தடவை ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டு "என்ன ருசி"ன்னு கேட்டாங்க. நான் இன்னைக்கு வரைக்கும் உண்மையைச் சொல்லலை. நீங்க முன்னாடியே கேட்டுடுங்க. பாலாடைக்கட்டியிலயும் நிறைய வகையில கன்றுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கிற உறைபொருள் இருக்கும், அப்பா அம்மா அவ்வளவு கண்டிப்புன்னா அதையும் விட்டுடுங்க.

சர்லா ஊர்ல புதன், சனி சந்தை. சனிக்கிழமை பெரிசு. தக்காளி, பழம், வால்நட், வால்நட் எண்ணெய் வாங்கி வீட்லயே சமைங்க. பத்து மணிக்கு மேல போனா வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. அப்புறம், மதியச் சாப்பாடு பன்னெண்டுல இருந்து ரெண்டு வரைக்கும்தான். ரெண்டேகாலுக்கு நாலு வயசுப் பிள்ளையைத் தூக்கிட்டுப் போய்க் கேட்டாலும் சமையல்காரர் மனசு இளகாது. அண்ணன் சொல்லட்டும் ஏன்னு!

தலைகீழ் வரைபடம்:

என்னங்க, அவ்வளவு தூரம் போயிட்டு பதிராக் பார்க்காம வரச் சொல்றீங்க? 75 மீட்டர் ஆழத்துக்குப் பூமியில ஓட்டை, கீழ இறங்கினா ஆறு, அதுல படகு. வாழ்நாள்ல மறக்க முடியாது. லாஸ்கோவும் விடக்கூடாது. ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சோம் நாங்க. காலையில ஆறு மணிக்குக் கிளம்பினோம்.

குசினிக்காரன்:

மல்லி தங்கச்சி, ரெண்டு மணிக்குக் குசினியைக் கழுவி மூடினால்தான் நான் ஆத்தில விழப் போகலாம்!

தலைகீழ் தம்பி, பதிராக் வடிவுதான், ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் கீழ இறங்க லிஃப்ட் இருந்தாலும், படகால இறங்கின பிறகு உள்ள ஏறி இறங்குற படி நிறைய. நடுவில அம்மாவுக்குக் கால் பிடிச்சால் திருப்பித் தூக்கிக்கொண்டு வர வழி இல்லை. சர்லாவில இருந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல ஓடவும் வேணும். நீங்கள் ஆறு மணிக்கு எழும்பிப் போனது நாலு வயசுப் பிள்ளையோடயோ?

லாஸ்கோ ஓம், போகலாம். ஒண்டு மட்டும் வீட்டில சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கோ: பார்க்கப்போறது நகல். 1940ல நாலு பெடியள் கண்டுபிடிச்ச உண்மைக் குகையை, ஆக்களின்ர மூச்சில ஓவியம் கெடுது எண்டு 1963ல பூட்டிப்போட்டினம். இப்ப இருக்கிறது 2016ல திறந்தது, குகையை அப்பிடியே அச்சில வார்த்த மாதிரிச் செய்திருக்கு. நகல்தானே எண்டு நானும் முகத்தைச் சுழிச்சனான். உள்ள போய் அந்தக் காளைமாடுகளைக் கண்டவுடன வாயைப் பொத்தினன். தரை சமனாய் இருக்கும், அம்மா நடப்பா. டிக்கெட் முன்கூட்டியே எடுங்கோ. ரூஃபிஞாக்கையும் இதையும் வேற வேற நாளில வையுங்கோ, ஒரே நாளில ரெண்டு குகை பிள்ளையளுக்குச் சலிக்கும்.

காவிரிக்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரொகமதூர், பதிராக், பெய்னாக், மர்கேசாக் நாலையும் அடிச்சாச்சு. அம்மாகிட்ட வாழை மரம் பத்திச் சொன்னேன், "அங்க குலை தள்ளுமா?"ன்னு கேக்கறாங்க. பதில் இல்லை என்கிட்ட.

கடைசியா ரெண்டு சந்தேகம். வண்டியில போனா சுங்கம் எவ்வளவு ஆகும்? அம்மா ஊர்ல இருந்து கொண்டு வந்த அலுமினிய குக்கரை எடுத்துட்டுப் போகலாமா? அது இல்லாம அவங்களுக்குச் சமையல் ஓடாது.

குசினிக்காரன்:

ஓர்லியான் தாண்டி ஏ20 நெடுஞ்சாலை பிடிச்சு லிமோஜ், பிரீவ் வழியாய்ப் போங்கோ. வியர்சோனில இருந்து பிரீவ் வரைக்கும் காசு இல்லை, அதுக்கு முந்திக் கட்டவேணும்.

குக்கர் கொண்டுபோக முதல் வீட்டுக்காரருக்கு ஒரு மெசேஜ் போட்டு என்ன அடுப்பு எண்டு கேளுங்கோ. இப்ப அந்த வாடகை வீடுகள் கனக்க இண்டக்ஷன்தான், அலுமினியத்தை அது கண்டுகொள்ளாது. அப்பிடியெண்டால் இப்பவே அடி தட்டையான ஸ்டீல் குக்கர் ஒண்டு பாரிஸ் லா ஷப்பேல்ல, எங்கட தமிழ்க் கடையளில வாங்குங்கோ. சர்லாவில தேடிக் கிடைக்காது, நான் தேடினனான்.