ஹட்டனில் 40 அடி டவர்: இழுகம்பி மாற்ற ஆலோசனை தேவை

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். வீட்டுக்குப் பின்னால் ரேடியோவுக்காக 40 அடி டவர் வைத்திருக்கிறேன்; உச்சியில் 14 மெகாஹெர்ட்ஸ் டைபோல் அன்டனா, ஏறக்குறைய 10 மீட்டர் கம்பி. நேற்றுப் பார்த்தால், டவர் சாயாமல் பிடிக்கும் இழுகம்பிகளில், தேயிலைச் சரிவுப் பக்கத்துக் கம்பியை இறுக்கும் திருகில் (டர்ன்பக்கிள்) மரை முழுக்கத் துரு. விரலால் தேய்த்தால் செதில் செதிலாக உதிர்கிறது. மழையில் அந்தப் பக்கத்து மண்ணும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

பழைய இழுகம்பியைக் கழற்றுமுன் தற்காலிகக் கம்பி கட்ட வேண்டும், அது தெரியும். ஆனால் இப்படிப்பட்ட சரிவில், இழுகம்பியை மண்ணோடு பிணைக்கும் நங்கூரத்தை எவ்வளவு ஆழம் இறக்குவது? கொங்கிரீட் மட்டும் போட்டால் தாங்குமா? அதுவரை யாரையும் ஏற விடமாட்டேன், தம்பி எவ்வளவு கெஞ்சினாலும் சரி. மின்கம்பி டவர் உயரத்தைவிடத் தள்ளித்தான் போகிறது, நல்லவேளை.

அப்புறம், ஒக்டோபர் இடி தொடங்குமுன் எர்த் கம்பியையும் மாற்ற வேண்டும். மலைச்சரிவில் டவர் நிறுத்தியவர்கள் யாராவது சொல்லுங்களேன்.