‘சந்தர்ப்பவாதத் தொற்று’ போதுமா? ஒரு மறுப்பும் ஒரு பரிந்துரையும்

வணக்கம் ஐயா,

உடலின் காப்பு தளர்ந்த நேரம் பார்த்து வரும் தொற்றுக்கு (opportunistic infection) நாம் வைத்திருக்கும் ‘சந்தர்ப்பவாதத் தொற்று’ என்ற சொல் எய்ட்ஸ் விழிப்புணர்வுத் துண்டறிக்கை வரை போய்விட்டது, இனி அதைத் தொட வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்சி தாவுகிறவரைத் திட்டும் சொல்லைப் பாக்டீரியாவின் தலையில் கட்டியிருக்கிறோம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால், நோய்க்கான காரணத்தையே கிருமியின் குணத்தில் கொண்டுபோய் வைக்கிறதே, அதுதான் உறுத்துகிறது.

இப்படித் தொற்றும் பாக்டீரியாக்களில் ஒன்றான சூடோமோனாஸ் ஏருஜினோசாவை எடுத்துக்கொள்வோம். மண்ணிலும் தேங்கிய நீரிலும் மருத்துவமனைக் கைகழுவும் தொட்டியின் வடிகுழாயிலும் அது தன்பாட்டுக்கு வாழ்கிறது. காய்ச்சி வடித்த நீரில்கூடப் பெருகும். 42 டிகிரி செல்சியஸிலும் வளரும். ஆக்சிஜன் கிடைக்காவிட்டால் நைட்ரேட்டை வைத்துச் சமாளிக்கும். 2000இல் அதன் மரபணுத்தொகை வெளியானபோது சுமார் 63 லட்சம் கார இணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்), ஏறத்தாழ 5,570 மரபணுக்கள் என்று கணக்கு வந்தது. ஆய்வகங்களில் வளர்க்கும் ஈ.கோலை என்னும் குடல் பாக்டீரியாவுக்கு 46 லட்சம் இணைகள்தான். எந்த மரபணுவை எப்போது இயக்குவது என்று தீர்மானிக்கும் மரபணுக்களே சூடோமோனாஸில் கணிசம். தீக்காயத்துக்குள் வந்தாலும் பெரும்பாலும் பழைய தொழில்தான்: ஒட்டிக்கொள்கிறது, பிசுபிசுவென்று படலம் கட்டுகிறது, பயோவெர்டின் என்னும் நிறமியைச் சுரந்து இரும்பைப் பறிக்கிறது, உள்ளே வரும் மருந்தைப் பம்புப் புரதங்களால் வெளியே தள்ளுகிறது. இதில் வாதம் எங்கே இருக்கிறது?

‘நலிவுத் தொற்று’ என்று ஒரு பரிந்துரை வந்தது. ஓசை நன்றாக இருக்கிறது. நானும் ஏறக்குறைய மயங்கிவிட்டேன். ஆனால் இரவில் கான்டாக்ட் லென்ஸைக் கழற்றாமல் தூங்கும் இருபது வயதுக்காரரை நினைத்துப் பாருங்கள். உடலில் ஒரு நலிவும் கிடையாது. கருவிழியின் மேலடுக்கில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல், லென்ஸில் ஒட்டியிருந்த சூடோமோனாஸ், அவ்வளவுதான். விரைந்து கவனிக்காவிட்டால் பார்வையே போகலாம். ‘வாய்ப்புத் தொற்று’ என்பதும் உதவாது. புள்ளியியலில் வாய்ப்பு வேறு வேலையில் இருக்கிறது. தற்செயலாக வந்த தொற்று என்றே படிப்பார்கள்.

என் பரிந்துரை: ‘அரண்குலைவுத் தொற்று’. தீக்காயத்தில் குலைந்தது தோல் என்னும் அரண். புற்றுநோய் மருந்தால் நியூட்ரோபில் வெள்ளணுக்கள் சரியும்போது உள்ளரண் குலைகிறது. வென்டிலேட்டர் குழாயும் சிறுநீர்க் குழாயும் அரணைச் சுற்றிக்கொண்டு போக வழி போட்டுக் கொடுக்கின்றன. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் மரபுவழி நோய் உள்ளவரின் நுரையீரலில் சளி கெட்டியாகி, கிருமியை வெளியேற்ற முடியாமல் போகிறது. லென்ஸ் கீறலும் இதில் அடங்கிவிடும்.

அரணைக் குலைப்பதே கிருமிதான் என்று பொருள் வராதா எனக் கேட்பீர்கள். குலைவு தன்வினை; குலைப்பு பிறவினை. ஏற்கெனவே குலைந்த இடத்தில் வந்த தொற்று என்பதை இலக்கணமே காத்துக்கொடுக்கிறது. உள்ளே வந்தபின் இக்கிருமி நச்சுகளைச் சுரந்து திசுவை அழிப்பது உண்மைதான்; இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் வகை. ஆனால் இடம் கிடைப்பது முதலில். துண்டறிக்கைகளில் சில காலம் பழைய சொல்லையும் பக்கத்தில் போட்டால் போயிற்று.

இனப்பெயரையும் தமிழாக்கலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘ஏருஜினோசா’ செம்பில் பிடிக்கும் பச்சைக் களிம்பைக் குறிப்பது. 1882இல் பிரெஞ்சு மருந்தாளர் கார்ல் ஜெஸார் இக்கிருமியைப் பிரித்தெடுத்ததும் கட்டுத்துணிகளில் படிந்த நீலப்பச்சைக் கறையிலிருந்துதான். அகார் தட்டில் வளர்த்தால் திட்டுகளைத் தாண்டி ஊடகம் முழுவதும் அந்த நிறம் ஊறிப் பரவும். மூடியைத் திறந்தால் திராட்சை வாசம். ‘களிம்புக் கிருமி’ அழகாகப் பொருந்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் மருந்துக்கடையில் களிம்பு என்றால் தடவும் மருந்து. தீக்காயப் பிரிவில் களிம்புக் கிருமிக்குக் களிம்பு போடச் சொல்லி எழுதினால் செவிலியர் நம்மைத்தான் தேடி வருவார். ஏருஜினோசா அப்படியே இருக்கட்டும்.

அன்புடன்.